பன்னிரண்டு டிகிரி

"இந்த ஒரு புள்ளி என் உயிரை வாங்குது மேடம்," என்றார் ஞானசிகாமணி.

பேராசிரியர் வஹீதா வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். பூஜ்யத்திலிருந்து பதினாறு டிகிரி வரை ஒன்பது புள்ளிகள். எட்டு ஒழுங்காக மேலே ஏறின. பன்னிரண்டு டிகிரியில் ஒன்று மட்டும் பள்ளத்தில் கிடந்தது.

"எத்தனை முறை எடுத்தீங்க சார்?"

"மத்த கோணமெல்லாம் மூணு முறை. இது மட்டும் பதினொரு முறை."

"பதினொரு முறையும்?"

"விழுது மேடம்."

ஞானசிகாமணி பாலிடெக்னிக் ஆசிரியர். வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர். தன் கைடு வஹீதாவைவிட ஒன்பது வயது மூத்தவர். அவர் மேடம் என்பார், வஹீதா சார் என்பார். இருவருக்கும் அது பழகிவிட்டது.

விமான இறக்கையை முன்விளிம்பு மேலே இருக்கும்படி சாய்க்கச் சாய்க்க, காற்று அதை அதிகமாகத் தூக்கும். ஓர் அளவுக்கு மேல் சாய்த்தால் காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும், தூக்குவது நின்றுவிடும். முன்விளிம்பில் சிறுசிறு மேடுகள் வைத்தால் பதினாறு டிகிரி வரை தாங்கும் என்பது ஞானசிகாமணியின் ஆய்வு. மூன்று வருட உழைப்பு.

திங்கட்கிழமை ஆய்வுச் சுருக்கத்தைக் குழுவிடம் கொடுத்தாக வேண்டும். இரண்டு முறை கால நீட்டிப்பு வாங்கியாயிற்று. மூன்றாவது கிடையாது. இன்று சனிக்கிழமை.

"அந்தப் புள்ளியைத் தூக்கிடுங்க அண்ணே," என்றான் தினகர். அதே ஆய்வுக்கூடத்தில் முழுநேரம் ஆராய்ச்சி செய்பவன். "எட்டு போதும். யாரு கேக்கப் போறா?"

"கேட்டா?"

"பேய் பிடிச்ச புள்ளின்னு சொல்லுங்க."

வஹீதா சிரிக்கவில்லை. "ஓட்டுங்க சார், பார்க்கலாம்."

காற்றுச் சுரங்கம் அறையின் நீளத்துக்குக் கிடந்தது. மரத்தால் ஆன பெரிய குழாய். ஒரு முனையில் அகன்ற வாய், மறுமுனையில் விசிறி. விசிறி சுழன்றால் அறைக் காற்றை வாய் உள்ளே இழுக்கும். நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் இறக்கை. காற்று அதை எவ்வளவு தூக்குகிறது என்று பக்கத்துக் கணினியில் எண் வரும்.

ஞானசிகாமணி பன்னிரண்டு டிகிரியில் இறக்கையை நிறுத்தித் திருகை முடுக்கினார். இன்னொரு முறை முடுக்கினார். விசிறியைப் போட்டார்.

போட்ட கையோடு வாய்ப்பக்கம் ஓடினார்.

அவருடைய முதல் இறக்கை பன்னிரண்டு டிகிரியில்தான் திருகு கழன்று பறந்துபோய் விசிறியில் மோதித் தூளானது. அன்றிலிருந்து பன்னிரண்டு என்றாலே அவருக்குக் கையும் காலும் ஓரிடத்தில் இருக்காது. வாயை மூடியிருந்த கம்பி வலைக்கு முன்னால் குனிந்து, உள்ளே இறக்கை ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றார்.

திரையில் எண் விழுந்தது.

"பாத்தீங்களா?" அங்கிருந்தே திரையைக் காட்டினார். "இதோட பன்னிரண்டு முறை."

வஹீதா விசிறியை நிறுத்தினார்.

"சார், கேன்டீன்ல ஒரு டீ வாங்கிட்டு வர்றீங்களா?"

ஞானசிகாமணிக்கு முகம் சுண்டிப்போயிற்று. தலை போகிற நேரத்தில் டீயா?

தினகர் எழுந்தான். "நான் போறேன் மேடம்."

"நீ உட்காரு. சார் போகட்டும்."

போனார். வழியெல்லாம் திங்கட்கிழமைக் குழுவுக்கு என்ன சொல்வதென்று யோசித்தார். திரும்பி வந்தபோது விசிறி சுழன்றுகொண்டிருந்தது. திரையைப் பார்த்தவர் கப்பைக் கீழே போடாமல் இருந்ததே பெரிது.

எண் மேலே நின்றது. கோடு எங்கே வேண்டுமென்று கேட்டதோ, அங்கே.

"என்ன மாத்தினீங்க மேடம்?"

"ஒண்ணும் மாத்தலை. நீங்க வெச்சதுதான். திரும்ப ஓட்டினேன்."

"பேய் உங்ககூடவே டீ குடிக்கப் போயிடுச்சு அண்ணே," என்றான் தினகர்.

வஹீதா டீயை வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. நடந்துபோய்க் காற்று நுழையும் வாய்க்கு நேராக நின்றார். கப்பின் ஆவி வளைந்து, அவர் விரல்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே போயிற்று.

"மேடம், எண் விழுது!" தினகர் கத்தினான்.

அவர் விலகினார்.

"ஏறுது!"

ஞானசிகாமணி சுரங்கத்தின் வாயைப் பார்த்தார். தன் தொப்பையைப் பார்த்தார்.

"அட, நான்தானா அந்தப் பேய்!"

சிரித்தார். சிரிக்கும்போதே கண் கலங்கியது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

"அப்ப இறக்கை மேல தப்பே இல்லை. நான் நின்னு கெடுத்த பன்னிரண்டையும் தூக்கிடலாம். இன்னிக்கே புதுசா மூணு எடுத்துடறேன். திங்கட்கிழமை குடுத்துடலாம், இல்லையா மேடம்?"

"பிரியாணி எப்ப அண்ணே?"

"வாங்கித் தர்றேன்டா!"

வஹீதா டீயைக் குடித்து முடித்தார். வரைபடத்தை எடுத்து அவர் முன் விரித்தார். ஒழுங்காக ஏறிய புள்ளிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார்.

"இந்த எட்டுக்கும் எங்கே நின்னீங்க சார்?"

"கம்ப்யூட்டர் பக்கத்துல..."

நிறுத்திக்கொண்டார். அவர் நடந்துகொண்டே இருக்கும் மனிதர். எண் விழுந்த நாளெல்லாம் எதை எதையோ சோதித்தார்: திருகு, கம்பி, விசிறி. எண் நினைத்தபடி வந்த நாளில் எதையும் திரும்பிப் பார்த்ததாக ஞாபகமில்லை.

"தெரியலை மேடம்."

"அதெல்லாம்தான் சரியா வந்திருக்கே அண்ணே," என்றான் தினகர்.

ஞானசிகாமணி அவனைப் பார்த்தார். பிறகு கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, கோணத்தைப் பூஜ்யத்துக்குத் திருப்பினார்.