நாப்பத்தோரு தடவ செத்த ராசா

மலைக்கு அந்தாண்ட ஒரு நாடு இருந்துச்சாம், அதுக்கு ஒரு ராசாவாம், பேரு மீசையப்பன். தன் மூஞ்சின்னா அவனுக்குக் கொள்ளை ஆசை. கெணத்துல பாப்பான், அண்டாத் தண்ணியில பாப்பான், சோத்துக்கு ஊத்துற நெய்யிலகூட எட்டிப் பாப்பான். சிரிச்சது போதும், கேளுங்க.

அந்த நாட்டு எல்லையில நாப்பத்தோரு நடுகல்லு. படையெடுத்து வந்தவங்கள மறிச்சு நின்னு செத்த வீரனுங்களுக்கு ஆளுக்கொரு கல்லு, அதுல அவங்கவங்க மொகம். அதுல ஒருத்தன் மாசாணன். அவன் சாகும்போது பொண்டாட்டி பூவாத்தா முழுகாம இருந்தா. பொறந்த பொண்ணு அப்பன் மொகத்தப் பாத்ததே அந்தக் கல்லுலதான்.

ஒருநா அந்தப் பக்கம் போன ராசா, சனங்க கல்லுக்கு மாலை போட்டுக் கும்பிடறதப் பாத்தான். வயிறு எரிஞ்சுபோச்சு. "ராசா நானு, கும்பிடு இவனுங்களுக்கா? எல்லாக் கல்லுலயும் சுண்ணாம்பப் பூசி என் மூஞ்சிய வரைங்க"ன்னுட்டான். வரைஞ்சும் புட்டாங்க.

மறுநா அந்தப் பொண்ணு வந்து பாத்துட்டு, "எங்கப்பா எங்க, அம்மா?"ன்னு அழுதுச்சு. பூவாத்தாவுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஊரையே கூட்டிட்டு வந்து கல்லு முன்னால ஒக்காந்தா, மாரடிச்சு ஒப்பாரி வச்சா, "எங்க ராசா போயிட்டாரே"ன்னு.

ராசா பதறி ஓடியாந்தான். "யாரு சொன்னது நான் செத்தேன்னு?"

பூவாத்தா பக்கத்துல இருந்தவகிட்ட, "ராசா கொரலு மாதிரி இல்ல? பாவம், ஆவி அலையுது. செத்தாத்தானே கல்லுல ஏத்துவோம், அதான நம்ம வழக்கம்? இவரு நாப்பத்தோரு கல்லுல ஏறியிருக்காரு, நாப்பத்தோரு தடவ செத்திருக்காரு"ன்னா.

அரமனைக்கு ஓடுனான். காவக்காரன், "ஆவிய உள்ள விட்டா என் வேலை போயிரும்"னு கதவச் சாத்திட்டான், அவன் அண்ணன் கல்லும் அதுல ஒண்ணு. அப்புறம் பின்கட்டுக்கு ஓடுனான். சமையக்காரி, "செத்தவங்களுக்கு வருசத்துக்கு ஒருவாட்டிதான் படையலு, ஆடிக்கு வாங்க"ன்னா. அப்புறம் ராணி இருந்த சன்னலுக்குக் கீழ நின்னு கத்துனான். ராணி, "அவரு போனதுலேருந்து கொறட்டச் சத்தம் இல்லாம தூங்குறேன்"னு சன்னலச் சாத்திக்கிட்டா.

மூணு நாப் பட்டினி. தள்ளாடிக்கிட்டே பூவாத்தாகிட்ட வந்தான். "நான் உசுரோடதான் இருக்கேன், நீயே சொல்லிரு ஆத்தா."

"உசுரோட இருக்கறவருக்கு அந்தக் கல்லுல என்ன சோலி? எம் புருசனுக்கும் பசிச்சிருக்கும், வீட்டு நெனப்பு வந்திருக்கும். ஓடியாந்திருந்தா பொழைச்சிருப்பாரு. ஓடல, அதனால நாமெல்லாம் இருக்கோம். அவரு எந்திரிச்சு வந்து நம்மகிட்ட எதுவும் கேக்கப் போறதில்ல. நாமதான் நெனப்பு வச்சிருக்கணும்"னா.

ராசா தலையக் குனிஞ்சுக்கிட்டான். கொடம் தூக்குனான், தன் கையாலயே ஒவ்வொரு கல்லாக் கழுவுனான். கழுவயில பேரச் சொல்லணும்னாங்க, ஒரு பேருகூடத் தெரியல அவனுக்கு. வீடு வீடாப் போயிக் கேட்டுக் கேட்டு வந்தான். மாசாணன் கல்லுல சுண்ணாம்பு கரைஞ்சு மொகம் தெரிஞ்சதும், அந்தப் பொண்ணு ராசாவத் தள்ளிட்டுப் போயிக் கல்லக் கட்டிக்கிச்சு. "எங்கப்பாவ ஒங்களுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டுச்சு.

"தெரியாம இருந்துட்டேன் தாயி"ன்னான் ராசா. அழுதுட்டான்.

அன்னையிலேருந்து அந்த நாட்டுல யாரு பட்டத்துக்கு வந்தாலும், நாப்பத்தோரு பேரையும் தப்பில்லாம சொன்னாத்தான் கிரீடம். கதை முடிஞ்சுது, கண்ண மூடுங்க. நாம இப்பப் படுத்துத் தூங்கறோம்ல, எல்லையில ஒருத்தன் முழிச்சு நிக்கறான்.