மேல் இரண்டு மாடிகள்

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி வந்து சிங்காநல்லூர்த் தெருக்களைத் துழாவிக்கொண்டிருந்தது. சாரல் அப்போதுதான் விட்டிருந்தது. வெயில் வருவதா வேண்டாமா என்று யோசித்து நின்றது.

"மாஸ்டர், வாசல்ல நிக்கிற கம்பு எனக்கு வேணும்."

தெய்வானை செருப்பைக்கூடக் கழற்றாமல் கடைக்குள் வந்துவிட்டாள். அப்படி அவள் ஒருநாளும் வந்ததில்லை.

இளம்பரிதி மாஸ்டர் தரையில் உட்கார்ந்து ஹோஸைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். மறுபடி சுருட்டினார்.

கண்ணாடிக் கட்டிடங்களைக் கயிற்றில் தொங்காமல், தரையில் நின்றபடியே கழுவும் வேலையை அவர் பழக்கிக் கொடுக்கிறார். அதற்கான கம்புகளை விற்கவும் செய்கிறார். ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிய குழல்கள். இழுக்க இழுக்க நீளும். உள்ளே ஓடும் ஹோஸ் வழியாக உப்பு நீக்கிய தண்ணீர் ஏறி, நுனியிலுள்ள பிரஷ்ஷில் பீய்ச்சும். தேய்த்து அலசினால் போதும், துடைக்க வேண்டியதில்லை. காய்ந்த பிறகும் கண்ணாடியில் புள்ளி விழாது.

அவருக்கு முப்பத்து நான்கு வயது. தெய்வானைக்கு நாற்பத்தாறு. அவரிடம் வேலை பழகியவள் என்பதால் அவள் அவரை மாஸ்டர் என்பாள். அவர் அவளை அக்கா என்பார்.

அவள் கேட்ட கம்பு கடையிலேயே நீளமானது. முழுக்க நீட்டி, வாசல் சுவரோடு சேர்த்துக் கட்டி, கொடிமரம்போல நிறுத்தியிருந்தார். மேம்பாலத்தில் ஏறும்போதே கண்ணில் படும். கடையின் பெயர்ப் பலகையில் தூசி ஏறி எழுத்து மறைந்து வெகுநாளாகிறது. கம்பை அடையாளம் வைத்துத்தான் ஆட்கள் வருவார்கள்.

"எந்தக் கட்டிடத்துக்கு அக்கா?"

"அவிநாசி ரோட்டுல. நாங்க நாலு பேரும் பெருக்கித் துடைச்சுட்டு இருந்தோமே, அதே கட்டிடம். நாளைக்குக் காலையில கழுவிக் காட்டச் சொல்லியிருக்காங்க. மேல் வரிசை சுத்தமா வந்தா வருஷம் முழுக்க எங்களுக்குத்தான் வேலை. வரலைன்னா கயிறு கட்டுறவங்களுக்கே போயிரும். நாங்க பழையபடி கக்கூஸ் வாளியத் தூக்கணும்."

"நல்ல சேதிதானே?"

"நல்ல சேதியா? அந்த மேனேஜர் கிருபாகரன் என்ன சொன்னான் தெரியுங்களா?"

"என்ன சொன்னார்?"

"'நீ போய் ஒட்டடை அடி, கண்ணாடிக்கு ஆம்பளைங்க இருக்காங்க'ன்னான். கயிறு கட்டுற ஆளுங்க ரெண்டு பேரும் சிரிச்சாங்க."

மாஸ்டர் இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

"என்ன சொன்னார்?"

"ஒட்டடைக் கம்பத் தூக்கிக்கிட்டு என் கட்டிடத்து முன்னால வந்து நிக்கிறியான்னான். கயிறு ஆளுங்களும் வாட்ச்மேனும் சேர்ந்து சிரிச்சாங்க."

"என்ன சொன்னார்?"

"காது கேக்கலீங்களா உங்களுக்கு? 'நீ, நீ'ன்னு பேசினான் மாஸ்டர்! பதினோரு வருஷம் அவன் ரூமைத் துடைச்சிருக்கேன். அவன் புள்ளைக்குக் காய்ச்சல்னு அழுத அன்னைக்கு டீ வாங்கிக் குடுத்தவ நான். ரிசப்ஷன்ல இருந்த அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க!"

"இன்னொரு தடவை கேட்டா கோயம்புத்தூரே சிரிக்கும்போல இருக்கே அக்கா."

"சிரிங்க. நீங்களும் சிரிச்சுக்குங்க."

மாஸ்டர் ஹோஸைக் கீழே வைத்தார்.

"நான் சிரிக்கலை. அவர் சொன்னது அநியாயம்."

"அநியாயம்னு வாயால சொன்னாப் போதுங்களா? கம்பக் குடுங்க."

அவர் எழுந்து உள்ளே போனார். வரும்போது கையில் ஒரு கம்பு இருந்தது. அது வாசலில் நின்ற கம்பு அல்ல. நான்கு மாடி எட்டும் கம்பு; மெலிந்தது, இலேசானது.

தெய்வானை அதைத் தொடவில்லை.

"எனக்கு இதுதானா?"

"உங்களுக்கு இதுதான்."

"பொம்பளைன்னா குட்டையைக் குடுத்து அனுப்பிரலாம். அப்படித்தானுங்களே?"

மாஸ்டர் கம்பின் நுனிப் பிரஷ்ஷைத் தட்டிச் சரிசெய்தார்.

"அவன் வெளிப்படையாச் சொன்னான். நீங்க சொல்லாமச் சொல்றீங்க. அவனே தேவலை!"

அவளுக்குக் குரல் உடைந்தது. கோபத்தில் உடைந்ததுதான், அழுகையென்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

மாஸ்டர் நான்கு மாடிக் கம்பைச் சுவரில் சாய்த்தார். வாசலுக்குப் போனார். கட்டுகளை அவிழ்த்தார். நீண்ட கம்பை இறக்கி, குழல்களைப் பூட்டும் கிளிப்புகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, குழலுக்குள் குழலாக அடக்கி, அவளிடம் நீட்டினார்.

"வாங்க."

கடையின் பின்புறம் மூடிப்போன நூல் மில்லின் நான்கு மாடி உயரச் சுவர் ஒன்று நின்றது. பழகுவதற்கென்று அதில் கீழிருந்து மேல்வரை கண்ணாடிகளைப் பதித்து வைத்திருந்தார் மாஸ்டர்.

தெய்வானை கம்பை நிமிர்த்தப் போனாள். நின்றாள். அண்ணாந்து இடமும் வலமும் பார்த்தாள். மேலே மின்கம்பி எதுவும் போகவில்லை. பிறகே நிமிர்த்தினாள்.

அத்தனை கோபத்திலும் அதை அவள் மறக்கவில்லை. மாஸ்டர் அதைப் பார்த்தார்.

"கீழ் வரிசையைக் கழுவுங்க."

"மேல் வரிசையைக் கழுவத்தான் கம்பு கேட்டேன்."

"அந்தக் கட்டிடத்துக்குக் கீழ் வரிசை இல்லையா?"

இருந்தது. தெய்வானை பல்லைக் கடித்துக்கொண்டு நுனிக் குழலை மட்டும் இழுத்துவிட்டாள். அடிக் குழல் பருமனாக இருந்தது. அவள் பிடியில் கட்டைவிரலும் நடுவிரலும் ஒன்றையொன்று தொடவில்லை.

மாஸ்டர் தண்ணீரைத் திறந்தார்.

கீழ் வரிசையின் முதல் கண்ணாடியைத் தேய்த்தாள். இரண்டாவதைத் தேய்த்தாள். மூன்றாவதில் பிரஷ் சட்டத்தில் மோதித் துள்ளியது.

"கை வலிக்குதா அக்கா?"

"இல்லை."

வலித்தது.

"கொஞ்சம்தானே நீட்டியிருக்கேன்," என்றாள் கடைசியில். "எதுக்கு இந்தக் கனம் கனக்குது?"

"நீட்டாததும் உள்ளேதான் இருக்கு."

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கீழ் வரிசையை முடித்தாள். பிறகு அவர் சொல்லாமலே, கிளிப் கிளிப்பாகத் திறந்து, மில் சுவரின் உச்சிவரை கம்பை ஏற்றினாள். காற்று அதைப் பிடித்து வளைத்தது. நுனி ஒரு பக்கம் ஓடியது. தெய்வானை காலை அகட்டி ஊன்றி, அதை இழுத்துக் கொண்டுவந்து, உச்சிக் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள். தேய்த்தாள். அலசினாள். தோளிலிருந்து இடுப்புவரை நெருப்பாக எரிந்தது. விடவில்லை. கண்ணாடி பளிச்சென்று ஆனது.

"பார்த்தீங்களா? என்னால முடியும்!"

"முடியும்னு எனக்கு முன்னாலேயே தெரியும்."

"தெரிஞ்சுமா குட்டையைக் கொண்டாந்து குடுத்தீங்க?"

மாஸ்டர் சுவரின் உச்சியைப் பார்த்தார்.

"உங்க கட்டிடம் எத்தனை மாடி அக்கா?"

"நாலு."

"இந்தக் கம்பு எத்தனை மாடி எட்டும்?"

"ஆறு."

"மேல இருக்கிற ரெண்டு மாடியில யார் குடியிருக்காங்க?"

"கேக்கறதப் பாரு. இல்லாத மாடியில யாரு குடி..."

அவள் நிறுத்தினாள்.

மில் சுவருக்கு மேலே வெறும் வானம். சாரலை அள்ளிக்கொண்டு மேகம் கிழக்கே ஓடிக்கொண்டிருந்தது.

இல்லாத அந்த மாடிகளில் அவள் கண்ணுக்குக் கிருபாகரன் தெரிந்தார். சட்டைப் பையில் பேனாவும் கழுத்தில் அடையாள அட்டையுமாக, பல் தெரியச் சிரித்தபடி. அவருக்குப் பின்னால் கயிறு ஆட்கள் இருவர், வாட்ச்மேன், ரிசப்ஷனில் இருந்த அத்தனை பேர்.

கம்பின் நுனியிலிருந்து சொட்டிய தண்ணீர் அவள் முகத்தில் விழுந்தது.

முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள்: "அப்ப, அவன் சொன்னதுக்கு?"

மாஸ்டர் தண்ணீரை மூடினார்.

கம்பை அவள் கையிலிருந்து வாங்கி அடக்கினார். உள்ளே போய், சுவரில் சாய்த்திருந்த நான்கு மாடிக் கம்பை எடுத்து வந்து நீட்டினார்.

தெய்வானை உடனே வாங்கவில்லை. அவர் நீட்டியபடியே நின்றார். காற்று அவளுடைய நனைந்த முந்தானையை இழுத்துக்கொண்டிருந்தது.

வாங்கினாள். அதற்கும் தண்ணீர் விடச் சொன்னாள். கீழ் வரிசையில் வைத்துப் பார்த்தாள். விரல்கள் சுற்றி வந்து தொட்டுக்கொண்டன. உச்சி வரிசைக்கு ஏற்றிப் பார்த்தாள். போதிய அளவு எட்டியது, அதற்கு மேல் ஒரு கை நீளம் மிச்சமிருந்தது. காற்றில் நுனி ஆடியது, ஆனால் ஓடவில்லை.

"நூர்ஜஹானும் தூக்குவா," என்றாள் தனக்குள். நால்வரில் நூர்ஜஹான்தான் ஒடிசல்.

"என் கோபம் இன்னும் போகலீங்க மாஸ்டர்," என்றாள் பிறகு.

"நான் போகச் சொல்லலையே அக்கா."

கம்பை அடக்கித் தோளில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோதுதான் செருப்போடு உள்ளே வந்ததை அவள் கவனித்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். வெளியே இறங்கினாள்.

மாஸ்டர் நீண்ட கம்பை மறுபடி வாசலில் நிறுத்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு குழலாக இழுத்து, கிளிப்பைப் பூட்டி, ஏற்றினார். கம்பு உயர்ந்தது. கடையைத் தாண்டியது. பக்கத்து லேத் பட்டறையைத் தாண்டியது. எதிர் வீட்டு மொட்டை மாடியைத் தாண்டியது. மேம்பாலத்தில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற உயரத்தில் நின்று ஆடியது.

தெய்வானை அண்ணாந்து அதன் நுனியைப் பார்த்தாள். பிறகு கீழே பார்த்தாள். தகரக் கூரை போட்ட கடை. அதன் நெற்றியில் தூசி படிந்த பலகை.

"மாஸ்டர்."

"சொல்லுங்க அக்கா."

"உங்க கடை எத்தனை மாடிங்க?"

இளம்பரிதியின் கை கட்டுக் கயிற்றில் அப்படியே நின்றது.

"கேட்டேன், அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டுத் தெய்வானை பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவளும் மற்ற மூவரும் அவிநாசி ரோட்டுக் கட்டிடத்தின் முன்னால் நின்றார்கள். சாரல் இல்லை; காற்று இருந்தது. கயிறு ஆட்கள் இருவரும் பைக்கில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தார்கள். "அக்கா, மேல பல்லி இருந்தா அதையும் அடிச்சிருங்க," என்றான் ஒருவன். தெய்வானை மேலே மின்கம்பி இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு கம்பை நிமிர்த்தினாள்.

மேல் வரிசையிலிருந்து கீழே இறங்கிக் கழுவினார்கள். கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்தார்கள். மூன்றாம் மாடியில் கிருபாகரனின் அறைக் கண்ணாடி வந்தபோது கம்பு தெய்வானையின் கையில் இருந்தது. தேய்த்தாள். மூலைகளைத் தேய்த்தாள். அலசினாள். பக்கத்துக் கண்ணாடிக்கு எவ்வளவு நேரம் கொடுத்தாளோ அவ்வளவு நேரமே அதற்கும் கொடுத்தாள். கடைசி வரிசையை நூர்ஜஹான் முடித்தாள்.

கிருபாகரன் கீழே வந்தார். கைகளைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"ஈரத்துல எல்லாம் பளபளன்னுதான் இருக்கும். காயட்டும். புள்ளி தெரியும்."

"காயட்டும்," என்றாள் தெய்வானை.

அவர் நின்றார். அவளும் நின்றாள். காற்று மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரிசையாகக் காயவைத்துக்கொண்டு வந்தது. அவர் வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து, இந்தப் பக்கம் நின்று பார்த்தார்; அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தார். காய்ந்துவிட்டது. நான்கு மாடியிலும் ஓடுகிற மேகம் மட்டும் தெரிந்தது.

கயிறு ஆட்களில் ஒருவன் பைக்கை உதைத்துக் கிளப்பினான்.

கிருபாகரன் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்: "அடுத்த தடவை எப்ப வருவீங்க?"

தெய்வானை பதில் சொல்லுமுன் ஹோஸை முழுக்கச் சுருட்டி முடித்தாள்.

அதே நேரத்தில் சிங்காநல்லூரில், இளம்பரிதி மாஸ்டர் வாசல் கம்பின் கட்டுகளை அவிழ்த்து, குழலுக்குள் குழலாக அடக்கி, உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்தார். பிறகு ஒரு துணியை நனைத்து எடுத்து வந்தார். கைக்கு எட்டிய உயரத்தில்தான் இருந்தது பெயர்ப் பலகை. துடைத்தார்.