ரெண்டு மலைத் தவளையும் தங்கபுஷ்பமும்

ஒரு ஊர்ல ஒரு பெரிய விலங்கியல் சங்கம் இருந்துச்சாம், கண்ணு. அதுல பன்னெண்டு பேரறிஞர்கள். காட்டைப் பத்தி அவங்களுக்குத் தெரியாததே இல்ல. காட்டுக்கு மட்டும் யாரும் போனதில்ல. பாவம், கால் வலிக்கும்ல? அவங்களுக்கும் சேர்த்துக் காட்டுல அலைஞ்சவ தங்கபுஷ்பம்னு ஒருத்தி. ம் கொட்டு. ஆங்.

வடக்க ஒரு மலை, தெக்க ஒரு மலை, நடுவுல காஞ்சு கிடக்குற கணவாய். தங்கபுஷ்பம் சோன்னு கொட்டுற மழையில வடக்கு மலை ஏறினா. இலைக்கு அடியில கட்டைவிரல் அளவு பச்சைத் தவளை, "டிக் டிக் டிக்"னு கூப்பிட்டுச்சு. அப்புறம் கணவாயைத் தாண்டித் தெக்கு மலை ஏறினா. அதே பச்சை, அதே அளவு. ஆனா "ட்ரீ...ங்"குது! ரெண்டு மலையிலயும் ஒண்ணொண்ணு பிடிச்சு, கெட்டுப்போகாம சாராய பாட்டில்ல போட்டுக்கிட்டா.

"ஐயா, ரெண்டும் வேற வேற இனம்!"னு ஓடிவந்து சொன்னா.

சங்கத் தலைவர் என்ன பண்ணினார் தெரியுமா? பாட்டில்ல ஊறின ரெண்டு தவளையையும் காதுகிட்ட வச்சுக் கேட்டார்.

"ரெண்டும் சத்தமே போடலையே அம்மா!"

எப்பேர்ப்பட்ட மூளை! பேரறிஞர்கள் எல்லாரும் படபடன்னு கை தட்டினாங்க.

அப்புறம் ரெண்டாவது தடவை போனா. பதினோரு நாள் காய்ச்சல்ல ஒரு பாறை இடுக்குல கிடந்தா. நூறு தவளையோட குரலை எழுதிக்கிட்டு வந்தா.

"ஊருக்கு ஊர் பேச்சு மாறும் அம்மா. திருநெல்வேலிக்காரனும் கோயமுத்தூர்க்காரனும் வேற வேற இனமா?"ன்னார் தலைவர்.

எல்லாரும் சிரிச்சாங்க. ஆனா தங்கபுஷ்பத்துக்கு அன்னிக்குச் சோறு இறங்கல. கேள்வி சரிதானே? தலைவர் உருப்படியா ஒரு கேள்வி கேட்டது அந்த ஒரே தடவைதான். அதுவும் தெரியாம.

"இன்னொரு தடவை போறேன்யா."

"இதுவும் பொய்யாப் போச்சுன்னா, சங்கத்துல உன் பேர் இருக்காது."

மூணாவது தடவை, மூணு மழைக்காலம் அங்கயே கிடந்தா. ஆண் தவளை ஜோடியைக் கூப்பிடுற மாதிரியே கூப்பிடக் கத்துக்கிட்டா. அப்புறம் ஈர இலைக் கூடையில நாலு வடக்கு மலைப் பெண் தவளைங்களோட வந்து, சங்கத்து மேசை மேல விட்டா.

"ட்ரீ...ங்"னா. ஒண்ணும் அசையல. மறுபடி "ட்ரீ...ங்". கண்ணைக்கூடச் சிமிட்டல.

அப்போ "டிக் டிக் டிக்"னா. தொபுக், தொபுக், தொபுக், தொபுக்! நாலும் அவ மடியில.

"திருநெல்வேலிக்காரன் கோயமுத்தூர்ல பொண்ணு எடுப்பான்யா. இதுங்க எடுக்காது"ன்னா. "ஒரு காலத்துல அங்க ஒரே காடு, ஒரே தவளை. நடுக்காடு காஞ்சு கணவாய் ஆச்சு. அங்கிட்டு இங்கிட்டுப் போக வழியில்லாம, தலைமுறை தலைமுறையா குரல் துளித்துளியா மாறி, ஒண்ணு ரெண்டாச்சு."

தலைவர் தொண்டையைச் செருமினார்.

"நான் அப்பவே சொன்னேன்ல!"

அப்புறம் நியாயப்படி, தெக்கு மலைத் தவளைக்குத் தலைவர் பேரையே வச்சாங்க. தங்கபுஷ்பத்துக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. துடைச்சுக்கிட்டா.

"பேரை நீங்களே வச்சுக்கோங்க. ஒண்ணு எப்படி ரெண்டாச்சுங்குறதை மட்டும் நான் எழுதுறேன், என் பேர்ல அச்சடிங்க."

"அவ்வளவுதானா? தாராளமா!"ன்னார் தலைவர்.

அவ எழுதினது அச்சாகி, கடல் தாண்டிப் போச்சு. படிச்சவங்க எல்லாம் அவங்கவங்க ஊர்க் கணவாய்க்கு ரெண்டு பக்கமும் ஏறி, அங்க எது ஒண்ணு ரெண்டாச்சுன்னு தேட ஆரம்பிச்சாங்க. தங்கபுஷ்பம் சொன்னது, தங்கபுஷ்பம் சொன்னதுன்னு இன்னிக்கும் சொல்றாங்க.

என்ன, தலைவர் பேரா? அட, நாக்கு நுனியில நிக்குது... ம்ஹூம், வரமாட்டேங்குது. விடு, கதை ஆச்சு. கண்ணை மூடு.