எட்டு உளிகள்

இந்தக் கதை எனக்கு நேராகக் கிடைத்ததல்ல. விடுதியில் என் அறைத்தோழி தேன்மொழி கூட்டாட்சி பற்றிய வகுப்பில் கேட்டு வந்து சொன்னது. அவளும் அன்று பாதி வகுப்பில்தான் விழித்திருந்தாளாம். ஆகவே பெயர்களுக்கு நான் பொறுப்பேற்க முடியாது. நடந்ததை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

ஏழு சின்ன நாடுகள் சேர்ந்து ஒரே தேசமாக இருந்த காலம். அதற்கு மாவலங்கோன் என்று ஓர் அரசன். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி.

நாடுகள் சேர்ந்த அன்றே யாருக்கு எது என்று கல்லில் வெட்டிவிட்டார்கள். படை, நாணயம், பெருவழி எல்லாம் அரசனுக்கு. ஏரி, சந்தை, திருவிழா அந்தந்த நாட்டுக்கு. ஒரு வரியை மாற்ற வேண்டுமானால் ஏழில் ஐந்து நாடுகள் ஒப்ப வேண்டும். அரசவையில் ஒரு கல், நாட்டுக்கு ஒன்றாக ஏழு கல். எட்டிலும் ஒரே எழுத்து.

எழுதியவர்கள் ஒன்றே ஒன்றை மறந்துவிட்டார்கள். பாலம்.

செவ்வாயல் நாட்டு ஏரியிலிருந்து ஓடும் கால்வாயின் மேல் ஒரு மரப்பாலம் இருந்தது. அது உடைந்தது. "மேலே போவது பெருவழி, அரசர் கட்டட்டும்" என்றது நாடு. "கீழே ஓடுவது ஏரித் தண்ணீர், நாடு கட்டட்டும்" என்றது அரண்மனை. இருவரும் கல்லைக் காட்டினார்கள். இருவரும் சரியாகத்தான் படித்தார்கள். மூன்று வருடம் ஜனங்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நடந்தார்கள்.

ஒருநாள் அரசனே அந்த வழியாகப் பல்லக்கில் வந்தான். தூக்கியவர் ஒருவருக்குக் கால் வழுக்கியது. அரசன் சேற்றில் விழுந்தான். கிரீடம் இன்னும் கொஞ்சம் தள்ளி விழுந்தது.

மறுநாள் சபையில் அரசனின் முகத்தைப் பார்க்க யாருக்கும் தைரியம் இல்லை. அரண்மனை அதிகாரி தழைசிங்கர் மட்டும் எழுந்தார். அமைச்சர் குழைக்காதரின் ஆசனத்தின் மேல் அவருக்குப் பல வருடமாகக் கண்.

"அரசே, எல்லாம் இந்தக் கல் செய்த வேலை. 'ஏரி நாட்டுக்கு' என்ற வரியைச் செதுக்கி எடுத்துவிட்டால் ஏரியும் உங்களுடையது, பாலமும் உங்களுடையது. ஒரு காலை நேர வேலை."

"ஐந்து நாடுகள் ஒப்ப வேண்டுமே?"

"செதுக்கிவிட்டு அப்புறம் கேட்டால் ஆயிற்று. ஏரியை மேற்பார்க்க என் மைத்துனர் சும்மாதான் இருக்கிறார். மதகை அடைத்து வைத்தால் தண்ணீர் தளும்பும். தாங்கள் ஓடத்தில் உலாவலாம்."

அரசனுக்கு ஓடம் பிடித்துப் போயிற்று. "கொண்டு வா உளியை!" என்றான்.

மாதச் சபைக்கு ஏழு நாட்டுத் தலைவர்களும் வந்திருந்தார்கள். செவ்வாயல் தலைவர் முனையன் பதறி எழுந்தார். "சாமி, சம்பா கதிர் விடுகிற நேரம். இப்போது மதகை அடைத்தால் முந்நூறு குடும்பம் என்ன சாப்பிடும்?"

"உட்காரும் ஐயா" என்றார் தழைசிங்கர். "அமைச்சரே வாய் திறக்கவில்லை, பார்த்தீரா?"

குழைக்காதர் வாய் திறந்தார். "நல்ல யோசனை, அரசே. ஆனால் ஓர் உளி போதாது. எட்டு வேண்டும்."

"எட்டு எதற்கு?"

"கல் எட்டு இருக்கிறதே. பிடிக்காத வரியைத் தனியாளாகச் செதுக்கலாம் என்பது இன்றுமுதல் வழக்கம். அரண்மனைக்கு ஒன்று, இவர்களுக்கு ஏழு."

அரசன் சிரித்தான். "இவர்கள் எதைச் செதுக்கப் போகிறார்கள்? கேட்டுத்தான் பாருங்களேன்."

முனையன் தயங்கவில்லை. "படைக்கு ஆள் தருவோம் என்ற வரியை."

"அரசர் வந்தால் பதினெட்டு வகைக் கறி வைப்போம் என்ற வரியை" என்றார் அடுத்தவர்.

"அட, அது எங்கள் கல்லிலும் இருக்கிறதே!" என்று இரண்டு பேர் முந்திக்கொண்டார்கள்.

மூலையில் தென்மலை நாட்டுத் தலைவி வடிவுடையாள் இருந்தாள். அதிகம் பேசாதவள். "எங்களுக்குச் செதுக்க முதல் வரி ஒன்று போதும்" என்றாள்.

"முதல் வரி என்ன?" என்றான் அரசன். "தழைசிங்கரே, படியும்."

தழைசிங்கர் கல்லருகே போனார். படித்தார். குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது.

"'மாவலங்கோன் குலத்தாரை ஏழு நாட்டாரும் அரசராக ஏற்றோம்.'"

அரசனின் கை தானாகக் கிரீடத்துக்குப் போனது. அதில் நேற்றைய சேறு இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. "உளியை உள்ளே வையுங்கள்" என்றான். பிறகு குழந்தை மாதிரி முறையிட்டான்: "ஆனாலும் அமைச்சரே, நான் விழுந்தது விழுந்ததுதானே? இந்தக் கல் பாலம் கட்டாதே!"

"கட்டாதுதான், அரசே. குறையை மறைக்க மாட்டேன். பாலத்தை எழுத மறந்த பிழையும் கல்லில்தான் இருக்கிறது; சுலபத்தில் மாறாது. முறைப்படி ஐந்து பேரைக் கேட்போம். நாளாகும்."

நாற்பத்தொரு நாள் ஆயிற்று. ஒரு நாடு ஒப்பியதாலேயே பக்கத்து நாடு மறுத்தது. இன்னொன்று பத்து நாள் யோசித்துவிட்டு, கேள்வி என்னவென்று திரும்பக் கேட்டது. கடைசியில் ஐந்து கையொப்பம் சேர்ந்து, எட்டுக் கல்லிலும் புதுவரி ஏறியது: பாலத்தை அரசன் கட்ட வேண்டும், நாடு காக்க வேண்டும்.

உளியை உள்ளே வைத்த அன்றே குழைக்காதருக்கு அரசன் தன் கழுத்து முத்துமாலையைப் போட்டிருந்தான். தழைசிங்கருக்கும் அன்றே ஒரு பதவி கொடுத்தான். புதுவரி ஏறும்வரை அந்தக் கால்வாயில் நின்று, கிழவர்களையும் குழந்தைகளையும் தோளில் சுமந்து அக்கரை சேர்க்க வேண்டும். முதல் வாரமே அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று, போகிற வருகிறவர்களையெல்லாம் கெஞ்சினாராம்: "ஐயா, உங்கள் நாட்டுத் தலைவரைச் சீக்கிரம் ஒப்பச் சொல்லுங்களேன்!"

மதகு திறந்தே இருந்தது. சம்பா விளைந்தது.

ஏழில் ஐந்து என்று தேன்மொழி சொன்னாள். முதல் தடவை நான்கு என்றாள். அது உறுத்தியதால் நூலகத்தில் நம் அரசியலமைப்பை எடுத்துப் பார்த்தேன். ஒன்றியத்துக்கு எது, மாநிலத்துக்கு எது என்ற பட்டியலைத் திருத்த, நாடாளுமன்றம் மட்டும் போதாது; பாதிக்குக் குறையாத மாநிலச் சட்டமன்றங்களும் ஒப்ப வேண்டும். அப்படியே பட்டியலையும் விரல் வைத்துப் படித்தேன். தேசிய நெடுஞ்சாலை ஒன்றியத்துக்கு. மாநிலப் பட்டியலில் பதின்மூன்றாவதாகச் சாலைகள், அதை அடுத்த சொல் பாலங்கள். மறக்கவில்லை, எழுதியிருக்கிறார்கள்.