ஏரிக்குள் வாங்கிய ஆறு வளை

ஒரு கரட்டு மேட்டின் ஓரத்தில் மருதாயி என்ற பெருச்சாளியும் பவளம் என்ற முயலும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தன. மருதாயிக்கு ஒரே வளை. பவளத்துக்கு மூன்று. ஒன்றில் தான் இருந்துகொண்டு, மற்ற இரண்டையும் ஆமைக்கும் முள்ளெலிக்கும் வாடகைக்கு விட்டிருந்தது. பௌர்ணமிதோறும் வாசலில் வாடகையாக நிலக்கடலை வந்து விழும்.

அந்தச் சத்தம் கேட்டாலே மருதாயிக்கு இரை இறங்காது.

"நேத்து வரைக்கும் என்கிட்ட கிழங்கு கேட்டு வந்தவ! இன்னைக்கு வீட்டுக்காரம்மாவா?" என்று பல்லைக் கடித்தது.

உடனே போய் ஓணான் தரகனைப் பிடித்தது.

"அவளுக்கு மூணுன்னா எனக்கு ஆறு! அதுக்கு ஏத்த இடம் காட்டு!"

"இருக்கே அக்கா!" ஓணான் தலையை ஆட்டியது. "மண்ணு வெண்ணெய் மாதிரி. வயல் கூப்பிடு தூரம்!"

கூட்டிப் போய், சித்திரை வெயிலில் வற்றிக் கிடந்த ஏரியைக் காட்டியது. விலை என்ன தெரியுமா? மருதாயி குடியிருந்த வளையும், மழைக்காலத்துக்கென்று பிள்ளைகளுக்குச் சேர்த்து வைத்த நெல் முழுவதும்!

பவளம் கேள்விப்பட்டு ஓடி வந்தது.

"அக்கா, அவசரப்படாதீங்க! அவ்வளவு நல்ல இடம்னா ஏன் அங்க ஒருத்தரும் குடியில்ல? அந்தக் கருவேல மரத்தைப் பாருங்க, என்னைப் போல மூணு ஆள் உயரத்துக்குச் சேறு காஞ்சு ஒட்டியிருக்கு. ஒரு மழை பார்த்துட்டு வாங்குங்க. இருக்கிற வளையை மட்டும் விட்டுடாதீங்க!"

"வயித்தெரிச்சலாடி உனக்கு?" என்று சிரித்தது மருதாயி. "நான் ஆறு வளைக்காரி ஆயிட்டா உன்னை யாரும் மதிக்கமாட்டாங்கன்னு பயமா?"

அன்றே வளையையும் நெல்லையும் ஓணானிடம் ஒப்படைத்துவிட்டு, பிள்ளைகளோடு ஏரிக்குக் குடிபோனது.

ஏரியில் தோண்டத் தோண்ட நத்தை ஓடாக வந்தது. மருதாயி யோசிக்கவில்லை. ஓடுகளை வாசலில் வரிசையாகப் பதித்தது. பவளத்தின் வாசலில் இப்படி இல்லை அல்லவா! ஆறு வளைகளில் ஒன்றைத் தனக்கு வைத்துக்கொள்ள, மற்ற ஐந்தில் சுண்டெலிகள் வாடகைக்குக் குடி வந்தன. அன்று முதல் மருதாயி நிமிர்ந்து நடந்தது. வேண்டுமென்றே கரட்டுப் பக்கமாகவே நடந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் வளைகளுக்குள் தண்ணீர். சுண்டெலிகள் குட்டிகளைக் கவ்விக்கொண்டு கரையேறின.

"ஏரிக்குள்ள குடி வெச்சியே, நீயெல்லாம் ஒரு வீட்டுக்காரியா?" என்று திட்டின.

மருதாயி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பழைய வளைக்கு ஓடியது. உள்ளே ஓணான் கால் நீட்டிப் படுத்திருந்தது.

"அடப் பாவி! ஏரியை என் தலையில கட்டிட்டியே!"

"வெயில்ல காட்டினேன், வெயில்ல பார்த்தீங்க. மழையைப் பத்தி நீங்க கேட்கவே இல்லையே அக்கா!"

பிள்ளைகள் குளிரில் நடுங்கின. வேறு வழியில்லாமல் மருதாயி பவளத்தின் வாசலில் போய் நின்றது.

"உள்ள வாங்கக்கா. புதுசா ஒரு வளை தோண்டியிருக்கேன். பிள்ளைங்க முதல்ல காயட்டும். வாடகையை அப்புறம் பேசிக்கலாம்."

மருதாயிக்கு அழுகை வந்தது. ஆனாலும் பிள்ளைகளை உள்ளே தள்ளிவிட்டு, முதல் வேலையாகப் பக்கத்து வளையை எட்டிப் பார்த்தது, முள்ளெலிக்குக் கொடுத்திருப்பது இதைவிடப் பெரிதா என்று!

பொறாமையில் இடம் வாங்குகிறவர் அடுத்தவர் வாசலைத்தான் பார்ப்பார், தான் வாங்கும் மண்ணைப் பார்க்கமாட்டார்.