கொடியாளுக்கு இரை இறங்கவில்லை

கைவிடப்பட்ட பாம்புகளை வைத்துப் பராமரிக்கும் பாம்புக் குடிலில் சீடராகச் சேர வந்தபோது தில்லைநாயகத்துக்கு வயது அறுபத்திரண்டு. குரு குயிலாத்தாளுக்கு நாற்பத்தொன்று. அதனால் என்ன, தெரிந்தவரிடம் தெரியாதவர் கேட்டுக்கொள்வதில் வயசு எங்கே வந்தது என்று சொல்லிச் சிரித்துக்கொண்டேதான் மூட்டையை இறக்கினார்.

முப்பது வருஷம் ஒரு சிவன் கோயில் மடைப்பள்ளியில் சமைத்தவர். மிச்சக் காலத்தை வாயில்லாத உயிர்களுக்குக் கொடுத்துவிடுவதாகச் சுவாமி முன்னால் வேண்டிக்கொண்டு வந்திருந்தார்.

குயிலாத்தாள் அவரைக் கொடியாளிடம் கூட்டிப்போனாள்.

கொடியாள் ஒரு சாரைப்பாம்பு. ஏழடி நீளம். வித்தை காட்டுகிறவன் ஒருவன் முட்டையிலிருந்து வளர்த்து, பிறகு கைவிட்டது. காட்டில் விட்டால் இரை பிடிக்கத் தெரியாது. சாரைக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் ஓர் அறை அளவுக்குக் கம்பிவலைக் கூண்டு கட்டி, ஏறி இறங்க மரக்கிளையும், சருகும், ஒளிந்துகொள்ள வாயுடைந்த பானை ஒன்றும், தண்ணீர்த் தொட்டியும் வைத்திருந்தார்கள்.

"தண்ணி மாத்தோணும். எச்சம் கிடந்தா எடுக்கோணும். வாரம் ஒருக்கா இரை. வெளிய வரப்போ கதவைச் சாத்தோணும்" என்றாள்.

"வேற?"

"வேற ஒண்ணுமில்லீங்க."

தில்லைநாயகத்துக்கு இது போதவில்லை. மடைப்பள்ளியில் ஒரு வெண்கலப் பானையைக் கழுவி வைக்கவே இதைவிட அதிகம் விதி உண்டு. குரு தன்னடக்கத்தால் குறைத்துச் சொல்கிறாள், மற்றதை நாமாகச் செய்ய வேண்டும் என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் குளித்து, திருநீறு பூசி, கூண்டுக்குள் போனார். சருகு முழுவதையும் வாரிக் கொட்டிவிட்டுப் புதுச் சருகு போட்டார். பானையைச் சாம்பல் போட்டுத் தேய்த்து வெயிலில் காயவைத்தார். கிளையை மஞ்சள் தண்ணீரில் துடைத்தார். தரையைக் கழுவிவிட்டார். பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று பானையை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மாற்றினார். ஒரு நாள் தவறாமல் இப்படியே நடந்தது. வாரத்தில் ஒரு நாள் செத்த எலியை மூங்கில் குச்சியால் கொண்டுபோய் வைப்பார். வைத்த கையோடு போய்த் தலைக்குக் குளிப்பார்.

மற்றப் பாம்புகளைப் பார்த்துக்கொண்ட சென்னியப்பன் வேலியோரம் நின்று, "ஐயா விட்டா இதுக்குப் பொங்கல் வச்சுப் படைச்சிருவாராட்ட இருக்குது" என்பான். தில்லைநாயகம் கோபித்துக்கொள்ளவில்லை. சுத்தம் தெரிந்தவன் பேச்சா அது என்று விட்டுவிட்டார்.

ஆனால் கொடியாள் எலியைத் தொடவில்லை.

ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது, ஆறு வாரமும் ஆனது. மற்றப் பாம்புகள் பட்டினியைத் தாங்கிக்கொண்டு சுருண்டு கிடக்கும். சாரை அப்படி இல்லை. ஓடி ஓடியே உடம்பைக் கரைத்துவிடும். கொடியாள் காலை முதல் மாலை வரை வலையோரமாகவே போவதும் திரும்புவதுமாக இருந்தது. கம்பியில் உரசி உரசி மூக்குத் தோல் உரிந்து சிவந்துவிட்டது. முதுகில் எலும்பு வரி தெரிந்தது. இன்னும் பதினைந்து நாள் தாங்கினால் அதிகம் என்று சென்னியப்பனும் கேலியை விட்டுவிட்டுச் சொன்னான்.

தில்லைநாயகம் குருவின் முன்னால் வந்து நின்றார்.

"அம்மா, என் கையால சாப்பிட்ட யாரும் பசியோட எழுந்ததில்லை. இந்த உயிர் என் கண் முன்னாலயே பட்டினி கிடக்குது. செத்துப்போச்சுன்னா நான் எந்த முகத்தோட சுவாமிகிட்டத் திரும்பிப் போவேன்? நான் எதுல குறை வச்சேன்?"

குயிலாத்தாள் கையை நீட்டினாள்.

"உங்க அறைச் சாவியைக் குடுத்துட்டுப் போய்க் குளிச்சிட்டு வாங்க."

குளித்துத் திரும்பியபோது அறை கழுவிவிட்டிருந்தது, சுண்ணாம்பு வாடை அடித்தது. பழைய பாய்க்குப் பதில் புதுப் பாய். தலையணையைக் காணோம், வேறொன்று இருந்தது. கட்டில் எதிர்ச் சுவருக்குப் போயிருந்தது. கறுத்துப் போன அவருடைய செம்பு, யாருடையதோ என்று நினைக்கும்படி பளபளத்தது. குரு சொல்லி நல்ல மனசோடு யாரோ செய்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டார்.

மறுநாள் மறுபடியும் கழுவியிருந்தது. கட்டில் ஜன்னலடிக்கு வந்திருந்தது. மூன்றாம் நாள் கட்டில் நடு அறையில் கிடந்தது. பாய் மறுபடியும் புதுசு. வழி மறந்து முழங்காலில் இடித்துக்கொண்டார். மதியம் கண்ணயரலாம் என்றால் தூக்கம் அண்டவில்லை. தட்டில் போட்ட சோறு தொண்டைக்குள் இறங்கவில்லை. எழுந்து சுவருக்கும் சுவருக்குமாக நடந்தார்.

நான்காம் நாள் நேராகக் குருவிடம் போனார். அவள் முறத்தில் அரிசி போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என் அறையைத் தினமும் யாரும்மா கழுவறது?"

"நாந்தானுங்க."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. குரு சீடனுடைய அறையைக் கழுவுவதா என்று பதறினார்.

"ஐயா மேல மரியாதைங்க. ஏன், சுத்தமா இல்லீங்களா?"

"சுத்தத்துக்கு என்னம்மா குறைச்சல். ஆனா..."

"ஆனா?"

"அது என் அறையா இல்லம்மா."

குயிலாத்தாள் அரிசியிலிருந்து ஒரு கல்லை எடுத்துத் தூரப் போட்டாள்.

 தில்லைநாயகம் கூண்டுக்குப் போய், உள்ளே சாத்தி வைத்திருந்த துடைப்பத்தையும் மஞ்சள் தண்ணீர் வாளியையும் வெளியே கொண்டுவந்து வைத்தார்.

அன்று மதியம் சென்னியப்பன் அவருடைய பழைய தலையணையைக் கொண்டுவந்து கொடுத்தான். எண்ணெய் ஏறி, நடுவில் குழி விழுந்த தலையணை. தில்லைநாயகம் அதில் தலை வைத்ததும் தூங்கிப்போனார்.

அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும் மாற்றினார். எச்சத்தை ஓர் இலையால் எடுத்தார். கொடியாள் இரண்டு நாள் முன்போலவே வலையோரம் ஓடியது. மூன்றாம் நாள் கிளையடியில் நின்று, நாக்கை நீட்டி நீட்டி மரத்தை வாடை பிடித்தது. ஆறாம் நாள் அங்கே சட்டையை உரித்துவிட்டுப் போயிருந்தது. கிளையில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு துண்டுத் தோலைத் துடைக்க அவர் கை பரபரத்தது. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

ஒன்பதாம் நாள் காலையில் எலியை வைத்தார். அது சாப்பிடாமல் தானும் சாப்பிடுவதில்லை என்று வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார். சென்னியப்பன் இரண்டு தடவை கூப்பிட்டும் அசையவில்லை.

உச்சிவேளைக்கு மெதுவாக உள்ளே போய்ப் பார்த்தார். எலி இல்லை. பானையின் உடைந்த வாயில் கொடியாளின் உடம்பு ஒரு வளையமாகத் தெரிந்தது. அது ஓடவில்லை. பானைக்குள் நிறைந்து, அசையாமல் கிடந்தது.

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. மடியில் முடிந்திருந்த சூடத்தையும் தீப்பெட்டியையும் எடுத்தார். எடுத்தவர், கொளுத்தாமல் நின்றார். நிமிர்ந்து பார்த்தால் கதவருகே குயிலாத்தாள்.

"சாப்பிட்டுட்டாம்மா."

"பார்த்தேனுங்க."

சூடத்தைத் திரும்ப மடியில் முடிந்துகொண்டார். "இனிமே இவளுக்கு நான் என்னம்மா செய்யணும்?"

"கதவைச் சாத்திட்டு வாங்க ஐயா. சோறு ஆறுது."