முள்ளிலிருந்து மீன்

தரங்கம்பாடி விருந்தினர் மாளிகையில் மொழியியல் மாநாடு. பேராசிரியர் வைத்தீஸ்வரன் சாப்பாட்டு மேசையிலேயே முழங்கினார்: “சாப்பிடுவதற்கு ஆங்கிலத்தில் ‘ஈட்’, ஜெர்மனில் ‘எஸ்ஸன்’. இரண்டுக்கும் தாய், ஆதி ஜெர்மானிய வினைச்சொல் ‘எதனன்’. அதை யாரும் எழுதி வைக்கவில்லை. பிள்ளைகளை வைத்தே தாயைக் கண்டுபிடித்துவிட்டோம்!”

பரிமாறிக்கொண்டிருந்த சமையல்காரி பிலோமி களுக்கென்று சிரித்துவிட்டாள். “பார்க்காமலேயா ஐயா?”

அவருக்கு முகம் சிவந்தது. “நாளை மதியம், அந்தச் சொல்லைப் பேசிய ஜனங்கள் சாப்பிட்ட அதே விருந்தை வை. இல்லையென்றால் உனக்கு இங்கே வேலை இல்லை.”

மறுநாள் அறிஞர்கள் சூழ, மூடிய தட்டு வந்தது. அவர் திறந்தார். உள்ளே வஞ்சிர மீனின் தலை, முள், வால்.

“என்னம்மா இது?”

“அந்த விருந்துதான் ஐயா. சாப்பிட்டவங்க இவ்வளவுதான் மிச்சம் வச்சிட்டுப் போனாங்க. பிள்ளைகளை வச்சுத் தாயைக் கண்டுபிடிச்ச உங்களுக்கு, முள்ளை வச்சு மீனைக் கண்டுபிடிக்கிறது பெரிய காரியமா? கண்டுபிடிச்சுச் சாப்பிடுங்க!”

மேசையே குலுங்கியது. அந்தச் சிரிப்புக்கு நடுவே பேராசிரியரின் வயிறு சத்தமாக இரைந்தது. அவரும் சிரித்துவிட்டார்.

“கண்டுபிடித்துவிட்டேன். பசிதான் போகவில்லை! உன் வேலை உனக்குத்தான், மீனைக் கொண்டு வாம்மா.”

அடுப்படியிலிருந்து பொரித்த வஞ்சிரம் ஆவி பறக்க வந்தது. அதன்பிறகு யாரும் அந்த வினைச்சொல்லைப் பற்றிப் பேசவில்லை. எல்லார் வாயும் அதைச் செய்வதில் மும்முரமாக இருந்தது.